அம்மாவின் மறதிக்கு உணவில் எதை முதலில் மாற்றுவது?

தென்கரை எழுதியது:

என் தாயாருக்கு வயது 71. தஞ்சை மாவட்டத்தில் அரசு தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக் கணக்கை இன்றுவரை தம் கைப்பட ஒரு நோட்டில் எழுதி வருகிறார். கடந்த ஆறேழு மாதங்களாக அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தால், பால்காரருக்குக் கொடுத்த பணம் ஒரே நாளில் இரண்டு முறை பதிவாகியிருக்கிறது. மளிகைக் கடைக்குக் கொடுத்தது பதிவாகாமலே விடுபட்டிருக்கிறது. பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் துளசி மாடத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போனவர் அங்கேயே நின்றுவிட, பால் பொங்கி வழிந்த பிறகு நாங்கள் ஓடிப்போய் அணைத்தது இரண்டு முறை நடந்துவிட்டது. நரம்பியல் மருத்துவரிடம் காட்டினோம். நினைவாற்றல் சோதனை செய்து பார்த்துவிட்டு, இது வயதுக்கு மீறிய லேசான மறதி என்றும், டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் என்று சொல்லும் நிலை இல்லை என்றும், ஆறு மாதம் கழித்து மீண்டும் அழைத்து வருமாறும் சொன்னார். ஸ்கேனில் கவலைப்படும்படி எதுவும் இல்லையாம். உணவைப் பற்றிக் கேட்டதற்கு, நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள் என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார்.

அம்மா சுத்த சைவம்; முட்டையும் கிடையாது. 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. காலையும் இரவும் மெட்ஃபார்மின், இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன், நெஞ்செரிச்சலுக்கு நான்கைந்து ஆண்டுகளாகத் தினமும் காலையில் வெறும் வயிற்றில் பான்டோபிரசோல் சாப்பிடுகிறார். எடை 54 கிலோ. சென்ற ஆண்டு 58 இருந்தார். காலையில் மூன்று இட்லி, மதியம் சோறும் குழம்பும் ரசமும் ஏதாவது ஒரு பொரியலும், மாலையில் டீயும் இரண்டு ரஸ்க்கும், இரவில் மறுபடி இட்லி அல்லது தோசை, படுக்கும்முன் அரை டம்ளர் பால். மதிய வேளையில் நாங்கள் எல்லோரும் வெளியே போய்விடுவதால் தனியாகத்தான் சாப்பிடுகிறார். பல நாள் பொரியல் தொட்ட அடையாளம் இல்லாமல் அப்படியே பாத்திரத்தில் இருக்கும். ஊறுகாய் பாட்டில் மட்டும் இறங்கியிருக்கும்.

இந்தச் செய்தி உறவினர்களுக்குத் தெரிந்ததிலிருந்து ஆளுக்கொரு வைத்தியம் வந்துகொண்டே இருக்கிறது. காலையில் இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய் குடித்தால் மூளை தெளியும் என்கிறார் மாமா. வல்லாரைப் பொடி டப்பா வீட்டுக்கே வந்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் தங்கை ஒமேகா-3 மாத்திரை அனுப்பியிருக்கிறாள். வால்நட் மூளை வடிவத்தில் இருப்பதே அது மூளைக்கு நல்லது என்பதற்கு அடையாளம் என்று ஒருவர் சொன்னபோது என்னால் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. உணவால் உண்மையில் மூளைக்கு ஏதாவது ஆகிறதா, 71 வயதில் மாற்றினால் பயன் உண்டா, ஒன்றே ஒன்றை முதலில் செய்ய வேண்டுமானால் எது என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற உணவியலாளர் எழுதியது:

இருபத்தாறு ஆண்டுகள் மருத்துவமனை உணவுப் பிரிவில் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கேள்விக்கான முதல் விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. முட்டையும் இல்லாத சைவ உணவு, நீண்டகால மெட்ஃபார்மின், தினசரி பான்டோபிரசோல், எழுபதைத் தாண்டிய வயது என்ற நான்கும் ஒருவரிடத்தில் சேர்ந்திருந்தால், வேறு எதையும் யோசிப்பதற்கு முன் வைட்டமின் பி12 அளவைப் பார்க்க வேண்டும். உங்கள் மருத்துவர் அதை ஏற்கெனவே பார்த்திருக்கலாம். இரத்தப் பரிசோதனை அறிக்கைகளைப் புரட்டிப் பாருங்கள். இல்லையென்றால் இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

இந்த நான்கும் எப்படி ஒன்றோடொன்று கைகோக்கின்றன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பி12 செடிகொடிகளில் இல்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில்தான் இருக்கிறது. ஆகவே உங்கள் தாயாருக்கு அது கிடைக்கும் ஒரே வழி பாலும் தயிரும். ஒருவருக்கு நாளொன்றுக்கு இரண்டு முதல் இரண்டரை மைக்ரோகிராம் தேவை என்றால், கால் லிட்டர் பாலில் கிடைப்பது ஏறத்தாழ ஒரு மைக்ரோகிராம். அரை டம்ளர் பாலும் டீயில் விடும் சொட்டுப் பாலும் எந்த மூலைக்கு? அந்தக் கொஞ்சமும் உணவிலுள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அதைப் பிரித்தெடுக்க வயிற்றில் அமிலம் வேண்டும். வயதானால் பலருக்கு இரைப்பையின் உட்சுவர் மெலிந்து அமிலம் தானாகவே குறைந்துவிடும். அதற்கு மேல் பான்டோபிரசோல் அமிலச் சுரப்பை அடக்குகிறது. இவ்வளவையும் தாண்டிச் சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கு வந்து சேரும் பி12-ஐ உறிஞ்சவிடாமல் மெட்ஃபார்மின் தடுக்கிறது. மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களில் பி12 குறையும் வாய்ப்பு உள்ளவர்களைச் சோதிக்குமாறு பிரிட்டனின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 2022-ல் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. கல்லீரலில் பல ஆண்டுகளுக்கான சேமிப்பு இருப்பதால் குறைபாடு மெதுவாகத்தான் தலைகாட்டும்; தலைகாட்டும்போது வயதாகிவிட்டது என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

பாதத்தில் மரத்துப்போன உணர்வு, எரிச்சல், செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பது, இருட்டில் தடுமாறுவது, நாக்கு வழவழவென்று சிவந்திருப்பது ஆகியவை இருக்கின்றனவா என்று அவரிடம் கேளுங்கள். சர்க்கரை நோயாளிகளின் கால் எரிச்சலைச் சர்க்கரையின் மேல் போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டதால் இந்தக் குறைபாடு அதன் நிழலில் ஒளிந்துகொள்கிறது. ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்று கொள்வார்கள். 200 முதல் 300 வரை சந்தேகத்துக்குரிய எல்லை. அந்த எல்லையில் இருந்தால், பி12 குறையும்போது இரத்தத்தில் கூடும் ஹோமோசிஸ்டீன் அல்லது மெத்தில்மலோனிக் அமிலம் பார்த்து உறுதி செய்யலாம். ஒரு எச்சரிக்கையும் உண்டு. இரத்தசோகை என்று யாராவது ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் கொடுத்தால் இரத்தம் தேறிவிடும். நரம்புச் சேதம் உள்ளே ஓசையின்றித் தொடரும். பி12 அளவு தெரியாமல் ஃபோலிக் அமிலத்தைத் தனியே தொடங்க வேண்டாம்.

பழைய சோற்றிலும் இட்லி மாவிலும் பி12 ஏராளமாக இருக்கிறது என்ற செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். புளிக்கவைப்பதால் பல நன்மைகள் உண்டு. ஆனால் குறைபாட்டைத் தீர்க்கும் அளவு பி12 அதில் கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது. குறைபாடு இருப்பது தெரிந்த பின் உணவால் மட்டும் சரிசெய்ய முயல்வதும் வீண். ஊசியோ 1000 மைக்ரோகிராம் மாத்திரையோ மருத்துவர் எழுதுவார். உறிஞ்சும் வழி அடைபட்டிருந்தாலும் அவ்வளவு பெரிய அளவில் கொடுத்தால் ஒரு சதவீதம் அளவுக்குத் தானாகக் குடல் வழியே ஊடுருவிவிடும் என்பதுதான் அந்தப் பெரிய எண்ணுக்குக் காரணம்.

அடுத்து அந்த நான்கு கிலோ. உங்களுடைய கேள்வியில் என் கண்ணை உறுத்தியது அதுதான். மறதி தொடங்கும் காலத்தில் எடை தானாகக் குறைவது பலரிடம் காணப்படுவது. அது மறதியின் விளைவாகவும் இருக்கலாம். சாப்பிட்டோமா என்பதே நினைவில்லாமல் வேளையைத் தவறவிடுவார்கள். வயதானவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்பது இன்றைய பரிந்துரை. உங்கள் தாயாருக்கு நாளொன்றுக்கு 54 முதல் 65 கிராம். நீங்கள் எழுதியிருக்கும் உணவைக் கணக்குப் பார்த்தால் பாதிக்குச் சற்று மேல்தான் வரும். இந்தியர்களின் உணவில் ஏறத்தாழ 62 சதவீதக் கலோரி மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு சொல்கிறது. தனியாகச் சாப்பிடும் முதியவர்களின் தட்டில் அது இன்னும் கூடுதலாகவே இருக்கும் என்பது என் அனுபவம். ரஸ்க்குக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல், மாலை டீக்குப் பதில் ஒரு டம்ளர் பால், இட்லிக்குச் சட்னியோடு கெட்டியான பருப்புச் சாம்பார், மதியம் ஒரு கிண்ணம் தயிர் என்று நான்கு மாற்றங்களை மட்டும் முதலில் செய்யுங்கள். சிறுநீரகத்தில் கோளாறு எதுவும் இல்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். கிரியாட்டினின் கூடியிருந்தால் புரத அளவை மருத்துவரைக் கேட்டே தீர்மானிக்க வேண்டும்.

பொரியல் தொடப்படாமல் இருப்பதற்கு மறதி காரணம் என்று முடிவு கட்டுவதற்கு முன் அவருடைய வாயைத் திறந்து பாருங்கள். பீன்ஸும் கொத்தவரங்காயும் மெல்லப் பல் வேண்டும்.

எண்ணும் எழுத்தும் எழுதியது:

கல்லூரியில் புள்ளியியல் கற்பிப்பவன்; மருத்துவன் அல்லன். உணவு மூளைக்கு ஏதாவது செய்கிறதா என்ற உங்கள் பொதுக் கேள்விக்கு, ஆய்வுகளைப் படித்தவன் என்ற அளவில் விடை சொல்ல முயல்கிறேன்.

சிகாகோவிலுள்ள ரஷ் பல்கலைக்கழகத்தில் மார்த்தா கிளேர் மாரிஸ் என்ற ஆய்வாளர் 2015-ல் ஓர் உணவு முறையை வகுத்து வெளியிட்டார். மத்தியதரைக் கடல் நாடுகளின் உணவையும் இரத்த அழுத்தத்துக்கான டாஷ் உணவையும் கலந்து, மூளைக்கு உதவக்கூடியவை என்று அதுவரை தெரிந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்ட முறை அது. மைண்ட் உணவு என்று அதற்குப் பெயர். கீரை, பிற காய்கள், பருப்பு, கொட்டைகள், முழுதானியம், மீன் முதலிய பத்து வகைகளைக் கூட்ட வேண்டும். வெண்ணெய், சீஸ், இனிப்பு, பொரித்தவை, சிவப்பு இறைச்சி என்னும் ஐந்து வகைகளைக் குறைக்க வேண்டும். 923 முதியவர்களைச் சராசரியாக நாலரை ஆண்டுகள் பின்தொடர்ந்ததில், இம்முறையை மிக நெருக்கமாகப் பின்பற்றியவர்களிடம், டிமென்ஷியாவின் முக்கிய வகையான அல்சைமர் நோய் 53 சதவீதம் குறைவாக இருந்தது. இந்த 53-தான் இன்றுவரை எல்லா நாளிதழ் இணைப்புகளிலும் வலம் வருகிறது.

ஆனால் அது கவனித்துப் பார்த்த ஆய்வு. யாருக்கும் எந்த உணவையும் கொடுத்துச் சோதித்ததன்று. நன்றாகச் சாப்பிடுபவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள், வசதியுள்ளவர்கள், நடைப்பயிற்சி போகிறவர்கள். அவர்களுக்கு நோய் குறைந்ததற்குக் கீரை காரணமா, மற்றவை காரணமா என்பதை அந்த எண்ணிலிருந்து பிரிக்க முடியாது. அதைப் பிரிப்பதற்காகவே மாரிஸ் குழுவினர் 65 வயதைத் தாண்டிய 604 பேரைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து மூன்றாண்டுகள் சோதித்தார்கள். 2023-ல் முடிவு வெளிவந்தது: மைண்ட் உணவுக் குழுவுக்கும், வழக்கமான உணவையே சற்றுக் குறைத்துச் சாப்பிட்ட குழுவுக்கும் நினைவாற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரு குழுவினருக்குமே எடை குறைந்தது. இரு குழுவினரின் மதிப்பெண்ணும் சற்றுக் கூடியது. மாரிஸ் 2020-லேயே காலமாகிவிட்டதால் இந்த முடிவைப் பார்க்கவில்லை.

இதைப் படித்துவிட்டு உணவால் ஒன்றும் ஆகாது என்ற முடிவுக்கு வருவதும் அவசரம்தான். பல பத்தாண்டுகளில் உருவாகும் நோயை மூன்றாண்டுச் சோதனையில் பிடிப்பது கடினம். எதிர்க்குழுவும் தன் உணவைத் திருத்திக்கொண்டால் வேறுபாடு இன்னும் மங்கிவிடும். என் பார்வையில் நம்பகமான சான்று ஃபின்லாந்திலிருந்து வந்தது. மீயா கிவிபெல்ட்டோ தலைமையில் 60 முதல் 77 வயதுள்ள 1260 பேரிடம் இரண்டாண்டுகள் நடந்த ஃபிங்கர் ஆய்வில் உணவோடு உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, இரத்த அழுத்தம் முதலியவற்றின் கண்காணிப்பு என நான்கையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒட்டுமொத்த அறிதிறன் மதிப்பெண்ணில் அவர்களுடைய முன்னேற்றம் மற்றக் குழுவினருடையதைவிட 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. 2025-ல் அமெரிக்காவில் 2111 பேரிடம் இதே பாணியில் நடந்த ஆய்வும் அதே திசையைத்தான் காட்டியது. அந்த நான்கில் உணவின் பங்கு எவ்வளவு என்று தனியே பிரித்துச் சொல்ல வழியில்லை. உங்கள் தாயாருக்கு அது தேவையுமில்லை. இத்தனை வயதுக்குப் பிறகும் மாற்றத்தால் பயன் உண்டா என்றீர்களே, இவர்களில் பெரும்பாலோர் உங்கள் தாயாரின் வயதையொட்டியவர்களே.

உணவியலாளர் சொன்ன பி12 பற்றியும் ஒரு சோதனையைக் குறிப்பிட வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் லேசான மறதியுள்ள எழுபது கடந்தவர்களுக்கு ஃபோலிக் அமிலம், பி6, பி12 மூன்றையும் சேர்த்து இரண்டாண்டுகள் கொடுத்தபோது மூளை சுருங்கும் வேகம் சராசரியாக 30 சதவீதம் குறைந்தது. 2010-ல் வந்த முடிவு. பயன் ஹோமோசிஸ்டீன் கூடுதலாக இருந்தவர்களிடம்தான் அதிகமாகத் தெரிந்தது. எல்லா முதியவர்களுக்கும் பி வைட்டமின் கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 வழிகாட்டுதலில் சொல்லவில்லை. மறதியைத் தடுப்பதற்காக பி, ஈ வைட்டமின்களையோ ஒமேகா மாத்திரைகளையோ பரிந்துரைக்க வேண்டாம் என்றே சொன்னது. இரண்டும் முரண் போலத் தோன்றும், முரண் இல்லை. குறையுள்ளவருக்குக் கொடுத்தால் பயன், நிறைந்த பானையில் ஊற்றினால் வழியும். தங்கை அனுப்பிய மாத்திரைக்கும் இதுவே விடை.

தேங்காய் எண்ணெய்க் கதைக்கு ஓர் அடிப்படை உண்டு. சர்க்கரையைச் சரியாகப் பயன்படுத்த முடியாத மூளை, கொழுப்பிலிருந்து உடலில் உருவாகும் கீட்டோன்களை எரிபொருளாகக் கொள்ளும் என்பது உண்மை. ஆனால் எளிதில் கீட்டோனாக மாறும் கொழுப்புகள் தேங்காய் எண்ணெயில் சிறு பங்கே. ஏறத்தாழ தொண்ணூறு சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல்லை உயர்த்துவது. 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் டிமென்ஷியாவுக்கான மாற்றக்கூடிய காரணிகளை 14 ஆக விரித்தபோது புதிதாகச் சேர்த்த இரண்டில் ஒன்று உயர்ந்த எல்டிஎல். தாளிக்கவும் தேங்காய்ச் சட்னிக்கும் என்றால் யாரும் தடுக்கப்போவதில்லை. காலையில் இரண்டு கரண்டி குடிப்பது வேறு விஷயம்.

மஞ்சள் பற்றி யாரும் இதுவரை உங்களிடம் சொல்லவில்லை என்பது வியப்பாக இருக்கிறது. ஹரியானாவின் பல்லப்கட் பகுதியில் அல்சைமர் நோய் அமெரிக்கக் கிராமப்புறத்தைவிட மிகக் குறைவு என்று 2001-ல் ஓர் ஆய்வு வந்ததும், இந்தியர்களை மஞ்சள் காக்கிறது என்ற பேச்சு உலகெங்கும் பரவியது. பின்னர் நாடு முழுவதும் நடந்த விரிவான கணக்கெடுப்பில், 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக மதிப்பிடப்பட்டது. அவர்கள் எல்லோரும் மஞ்சள் போட்ட குழம்பைச் சாப்பிட்டவர்களே.

முத்துக்குளித்துறை எழுதியது:

மேலே இருவரும் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். என் தந்தையாரை ஆறு ஆண்டுகள் கவனித்துக்கொண்டவன் என்ற முறையில் இரண்டே செய்திகள்.

அப்பாவுக்குச் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரை இருந்தது. ஏகாதசி விரதத்தை ஒருபோதும் விடமாட்டார். விரதத்தன்றும் மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொள்வார். இரண்டு மூன்று ஏகாதசிகளில் பிற்பகல் நேரத்தில் என்னைத் தம் தம்பி பெயர் சொல்லி அழைத்தார். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். மறதி முற்றிவிட்டது என்று நாங்கள் கலங்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுச் செவிலியர் அம்மா வந்து விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை 52-க்கு இறங்கியிருந்தது. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துக் கால் மணி நேரம் உட்காரவைத்தோம். என் பெயர் சரியாக வந்துவிட்டது. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இந்த ஆபத்து மிகவும் குறைவு என்று மருத்துவர் பிறகு சொன்னார். உங்கள் தாயாரின் மாத்திரைகளில் வேறு எதுவும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சில மாத்திரைகள் இரண்டு மருந்துகள் கலந்து ஒன்றாக வருகின்றன, அட்டையைப் படித்தால்தான் தெரியும். மறதியுள்ள முதியவர்களுக்கு மூன்று மாதச் சர்க்கரை அளவை ஏழுக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று அழுத்தம் கொடுக்கத் தேவையில்லை, 8 வரை விடலாம் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இன்னொன்று பல்செட்டு. அப்பா சாப்பிடும் நேரம் தவிர மற்ற எல்லா நேரமும் அதைப் போட்டிருப்பார். சாப்பிட உட்காரும்போது கழற்றி ஒரு எவர்சில்வர் டம்ளரில் போட்டுவிடுவார், ஈறு உறுத்துகிறதாம். அதனால்தான் காய் அப்படியே மிஞ்சியது. உணவியலாளர் அம்மா வாயைத் திறந்து பார்க்கச் சொன்னதைப் படித்ததும் அந்த டம்ளர் என் கண்முன் வந்தது. நாங்கள் சாளை மீனை முள் நீக்கி உதிர்த்து, கீரையைக் கடைந்து கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் சோற்றின் அளவு குறைந்து மற்றவை உள்ளே போயின.

தென்கரை எழுதியது:

பதிலளித்த மூவருக்கும் நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன்.

பி12 அளவு 148. பழைய அறிக்கைகளைத் தேடிப் பார்த்தேன். இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட அதைப் பார்த்ததே இல்லை. கால் எரிச்சல் இருக்கிறதா என்று கேட்டதற்கு, அது இரண்டு வருஷமாக இருக்கிறதே, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அம்மா சாதாரணமாகச் சொன்னார். மருத்துவர் ஊசி தொடங்கியிருக்கிறார். பான்டோபிரசோல் இனித் தினமும் தேவையா என்பதை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஊசி போட்டதும் நினைவு முழுவதும் திரும்பிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம், எவ்வளவு மீளும் என்பது போகப்போகத்தான் தெரியும் என்றும் வெளிப்படையாகச் சொன்னார். நோட்டில் மாற்றம் எதுவும் இன்னும் இல்லை. சர்க்கரை மாத்திரை அட்டையைப் படித்துப் பார்த்தேன், மெட்ஃபார்மின் மட்டும்தான். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது. பல் மருத்துவரிடம் நாள் வாங்கியிருக்கிறோம். மதியச் சாப்பாட்டுக்கு எதிர்வீட்டுப் பாட்டி தம் தட்டோடு வந்துவிடுகிறார். இருவருமாகச் சேர்ந்து சாப்பிடத் தொடங்கிய பிறகு சுண்டல் கிண்ணம் காலியாகிறது.

இப்போது இன்னொரு ஐயம். இரத்த அழுத்தம் 150-ஐ ஒட்டியே இருப்பதால் உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். எவ்வளவு சாப்பிடுகிறோம் என்று அறிய, மளிகைக் கணக்கிலிருந்து ஒரு கிலோ உப்புப் பொட்டலம் எத்தனை நாள் வருகிறது என்று பார்த்தேன். நான்கு பேர் உள்ள வீட்டில் 21 நாளில் தீர்கிறது. வகுத்தால் ஆளுக்கு நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 12 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள். இதில் கடையில் வாங்கும் ஊறுகாயும் அப்பளமும் சேரவில்லை. ஒரே நாளில் பாதியாகக் குறைத்துச் சமைத்தோம். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று சொல்லிக் கை கழுவிவிட்டார். இந்தப் பழமொழி மட்டும் அவருக்கு மறக்கவில்லை. சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்கிறார்களே, சுவையும் கெடாமல் அளவும் குறையும் என்றால் அதையே வாங்கிவிடலாமா?

ஓய்வுபெற்ற உணவியலாளர் எழுதியது:

148 என்று படித்ததும் வருத்தமும் நிம்மதியும் ஒருசேர வந்தன. எதிர்வீட்டுப் பாட்டிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அந்த உப்பை இப்போது வாங்காதீர்கள். அதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். அது நல்ல பொருள்தான். சீனக் கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்த பெரிய சோதனையில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்ததாக 2021-ல் முடிவு வந்தது. ஆனால் உங்கள் தாயார் சாப்பிடும் டெல்மிசார்டன் உடலில் பொட்டாசியத்தைத் தேக்கிவைக்கும் வகை மருந்து. 14 ஆண்டுச் சர்க்கரை நோயில் சிறுநீரகமும் சற்றுத் தளர்ந்திருந்தால், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே குழப்பிவிடும். கிரியாட்டினின், பொட்டாசியம், சோடியம் மூன்றையும் பார்த்துவிட்டு மருத்துவர் சரி என்றால் மட்டும் வாங்குங்கள். சோடியத்தை ஏன் சேர்த்துச் சொல்கிறேன் என்றால், அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை ஏதாவது இனிமேல் சேர்த்தால், முதியவர்களுக்குச் சோடியம் திடீரென்று இறங்கி மறதி போலவே குழப்பம் வரும். அதனால் உப்பை அடியோடு நிறுத்துவதும் கூடாது.

பாதியாகக் குறைத்ததுதான் பிழை. நாக்கு பழகச் சில வாரங்கள் வேண்டும். குழம்பிலும் ரசத்திலும் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். சோறு வடிக்கும்போது உப்புப் போடும் வழக்கம் இருந்தால் அதை விடுங்கள். இட்லி மாவில் கால் பங்கு குறையுங்கள், சட்னியோடு சாப்பிடுவதால் தெரியாது. ஊறுகாய் பாட்டிலை மேசையிலிருந்து அலமாரிக்கு மாற்றி, நீங்களே ஒரு சிட்டிகை எடுத்துத் தட்டில் வையுங்கள். மோரில் உப்புக்குப் பதில் பெருங்காயமும் கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போடலாம். இரண்டு வாரம் கழித்துக் குழம்பில் ஒரு சிட்டிகை குறைத்து எலுமிச்சையோ புளியோ சற்றுத் தூக்கலாக வைத்துப் பாருங்கள். அடுத்த பொட்டலம் 21 நாளுக்குப் பதில் 28 நாள் வந்தால் ஆளுக்கு 9 கிராமுக்கு வந்துவிட்டீர்கள் என்று பொருள். பொட்டலத்தைப் பிரித்த தேதியை அம்மாவின் நோட்டிலேயே அவர் கையால் எழுதச் சொல்லுங்கள்.